சூரியப் புள்ளிக்குள் ஓர் ஓட்டம்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், செபராங் பிறையின் வடபால் அமைந்துள்ள ஊர் தாசேக் கெலுகோர். இவ்வூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஐந்தரைப் பாகையில் உள்ளது. ஆகவே, ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் மாதத் தொடக்கத்திலும் செப்டம்பர் மாத முற்பாதியிலும், சூரியன் இவ்வூரின் உச்சிக்கு நேராக வந்து நிற்கிறது. மலேசியக் கடிகாரப்படி பிற்பகல் ஒன்றேகால் மணியளவில் இது நிகழும். அவ்வேளையில் வயல்வெளியில் நட்டுவைத்த கம்பத்திற்கு நிழலே இராது.

அத்துணை அருகில் இருப்பதுபோல் தோன்றும் சூரியனை எவரும் நேரே பார்க்க முடியாது. தகுந்த வடிகட்டி பொருத்திய தொலைநோக்கியின் வழியாகப் பார்த்தால் அதன் வெண்ணிறத் தட்டில் சிறு சிறு கரும்புள்ளிகள் தென்படும். அப்புள்ளிகளுக்குள் வாயு எந்தத் திசையில் ஓடுகிறது? இக்கேள்விக்கு உலகில் முதன்முதலாக விடை கிடைத்த இடம் தமிழ்நாட்டின் கோடைக்கானல் மலை. அந்த விடையின் வரலாறு ஒரு பஞ்சத்தில் தொடங்குகிறது.

பஞ்சமும் புள்ளியும்

1876ஆம் ஆண்டு முதல் 1878ஆம் ஆண்டு வரை தென்னிந்தியாவில் பெரும்பஞ்சம் நிலவியது. தமிழ் ஆண்டுக் கணக்கில் தாது ஆண்டில் தொடங்கியதால் மக்கள் அதனைத் தாது வருடப் பஞ்சம் என்றனர். பருவமழை பொய்த்தது, ஏரிகள் வறண்டன, பல இலட்சம் மக்கள் பசிக்கும் நோய்க்கும் பலியாயினர். பிழைப்புத் தேடி இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறியவர்கள் பலர். தாசேக் கெலுகோர் அமைந்துள்ள செபராங் பிறை அக்காலத்தில் புரோவின்ஸ் வெல்லஸ்லி எனப்பட்டது. அங்கிருந்த கரும்புத் தோட்டங்களில் தமிழர்கள் பஞ்சத்திற்கு முன்பிருந்தே உழைத்து வந்தனர்.

மழை ஏன் பொய்க்கிறது என்பதை முன்கூட்டியே அறிய முடியாதா என்ற கேள்வி அப்போது அறிஞர்களை வாட்டியது. சூரியப் புள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறைகிறது என்பதை ஜெர்மானியரான ஹெய்ன்ரிக் ஷ்வாப என்பவர் 1844ஆம் ஆண்டில் வெளியிட்டிருந்தார். புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் சென்னை மாகாணத்தில் மழையும் குறைகிறது என்ற கருத்தை 1877ஆம் ஆண்டில் நார்மன் லாக்யர், வில்லியம் ஹன்டர் ஆகிய இருவரும் முன்வைத்தனர். அக்கருத்து உண்மையானால், சூரியனை நாள்தோறும் கண்காணிப்பதன் மூலம் அடுத்த பஞ்சத்தை முன்னறியலாம், தானியத்தைச் சேமித்து வைக்கலாம், உயிர்களைக் காக்கலாம்.

இந்த எதிர்பார்ப்பே கோடைக்கானலில் சூரிய ஆய்வகம் எழுந்ததற்கான காரணங்களுள் ஒன்று. பழனி மலைத்தொடரில், கடல்மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அதற்கு இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அவ்வுயரத்தில் தூசியும் வெப்ப அலைகளும் குறைவு. 1895ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1899ஆம் ஆண்டில் சென்னை வானாய்வகத்தின் பணிகள் அங்கு மாற்றப்பட்டன. மிச்சி ஸ்மித் என்பவர் அதன் முதல் இயக்குநராகப் பொறுப்பு வகித்தார். 1901ஆம் ஆண்டு முதல் அங்குச் சூரிய ஆய்வுகள் தொடர்ந்து நடைபெற்று வருகின்றன.

கரும்புள்ளி என்பது யாது?

கண்ணுக்குத் தெரியும் சூரியனின் மேற்பரப்பை ஒளிக்கோளம் என்பர். அதன் வெப்பநிலை ஏறத்தாழ 5,500 பாகை செல்சியஸ். ஆழத்திலிருந்து சூடான வாயு மேலெழுந்து, மேற்பரப்பில் வெப்பத்தை உமிழ்ந்து, குளிர்ந்து, மீண்டும் கீழிறங்குகிறது. உலையில் கொதிக்கும் சோற்றுப்பானையை இதற்கு ஒப்பிடலாம். பானையின் அடியில் சூடேறிய நீர் மேலே வருவதும், மேலே ஆறிய நீர் கீழே போவதும் இடைவிடாமல் நிகழ்கின்றன. இதனை வெப்பச்சலனம் என்று அறிவியல் கூறுகிறது.

சில இடங்களில் வலிமையான காந்தப்புலம் ஒளிக்கோளத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. சூரியனில் உள்ள வாயு மின்னூட்டம் பெற்றது. மின்னூட்டம் பெற்ற வாயு காந்தப்புலத்தைக் குறுக்காகக் கடந்து தாராளமாக ஓட இயலாது. எனவே, அவ்விடத்தில் வெப்பச்சலனம் தடைபடுகிறது, கீழிருந்து வரும் வெப்பம் குறைகிறது, மேற்பரப்பு குளிர்கிறது. அப்படிக் குளிர்ந்த இடமே சூரியப் புள்ளி ஆகும்.

ஒவ்வொரு பெரிய புள்ளியிலும் இரண்டு பகுதிகளைக் காணலாம். நடுவில் இருண்டிருக்கும் பகுதி கருநிழல். அதன் வெப்பநிலை ஏறத்தாழ 3,700 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். அதனைச் சுற்றிச் சற்று வெளிறிய வளையமாக அமைந்த பகுதி புறநிழல். புறநிழலை உற்று நோக்கினால், கண்ணின் கருமணியைச் சுற்றியுள்ள கோடுகளைப்போல, நடுவிலிருந்து வெளிநோக்கிச் செல்லும் மெல்லிய இழைகள் தெரியும். பெயரில்தான் ‘நிழல்’ உள்ளதே தவிர, உண்மையில் இவை நிழல்கள் அல்ல. சுற்றியுள்ள பேரொளியோடு ஒப்பிடும்போதுதான் புள்ளி கருமையாகத் தெரிகிறது. ஒரு கருநிழலை மட்டும் வெட்டியெடுத்து இரவு வானில் வைத்தால், அது முழு நிலவைவிடப் பிரகாசமாக ஒளிரும்.

பூமியின் விட்டம் 12,756 கிலோமீட்டர். பெரிய சூரியப் புள்ளி ஒன்றுக்குள் மூன்று அல்லது நான்கு பூமிகளை வரிசையாக வைத்துவிடலாம். புள்ளிகள் சில நாள் முதல் சில வாரம் வரை நீடிக்கும். மிகப் பெரியவை மாதக்கணக்கிலும் நீடிப்பதுண்டு.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. வெறுங்கண்ணாலோ, சாதாரணக் கறுப்புக் கண்ணாடியாலோ, வடிகட்டி இல்லாத தொலைநோக்கியாலோ சூரியனை ஒருபோதும் பார்க்கக்கூடாது. விழித்திரை கருகி நிரந்தரப் பார்வையிழப்பு ஏற்படும். ஆசிரியரின் மேற்பார்வையில், தொலைநோக்கியின் வழியாக வரும் சூரிய உருவத்தை வெள்ளை அட்டையில் விழச் செய்து, அந்த அட்டையைப் பார்ப்பதே பாதுகாப்பான முறையாகும்.

ஹேல் கண்ட சுழல்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சூரிய ஆய்வில் முன்னணியில் நின்றவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஜார்ஜ் எல்லரி ஹேல். கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தை நிறுவியவரும் அவரே. 1908ஆம் ஆண்டில் அவர் ஒரு பெருங்கண்டுபிடிப்பை நிகழ்த்தினார். சூரியப் புள்ளிகளில் பூமியின் காந்தப்புலத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு வலிமையான காந்தப்புலம் இருப்பதை அவர் நிறுவினார். பூமிக்கு வெளியே காந்தப்புலம் கண்டறியப்பட்டது அதுவே முதன்முறை.

ஹைட்ரஜன் வாயுவின் ஒளியில் ஹேல் எடுத்த படங்களில், புள்ளிகளைச் சுற்றி வளைந்த கோடுகள் தென்பட்டன. அவற்றைப் பார்ப்பவர்க்குச் சூறாவளியின் நினைவே வரும். எனவே, சூரியப் புள்ளி என்பது மாபெரும் சுழற்காற்று என்றும், மின்னூட்டம் பெற்ற வாயு அதில் வட்டமாகச் சுற்றுவதால்தான் காந்தப்புலம் தோன்றுகிறது என்றும் கருத ஏதுவாயிற்று. படமும் அதனையே காட்டியது. கருத்தும் அதற்குப் பொருந்தியது. சொன்னவரோ உலகம் போற்றும் அறிஞர்.

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது தமிழ்ப் பழமொழி. புள்ளியைச் சுற்றி வாயு உண்மையிலேயே சுழல்கிறதா என்பதைத் தீர விசாரிக்க ஒரு வழி இருந்தது. அவ்வழி, ஒளியையே சாட்சியாக அழைப்பதாகும்.

ஒளி சொல்லும் சாட்சி

சாலையோரத்தில் நிற்பவரை நோக்கி ஆம்புலன்ஸ் வண்டி விரைந்து வரும்போது அதன் ஒலி கூர்மையாகக் கேட்கும். கடந்து அப்பால் செல்லும்போது அதே ஒலி சற்றுத் தணிந்து ஒலிக்கும். நெருங்கி வரும் பொருளின் அலைகள் நெருக்கப்படுவதும், விலகிச் செல்லும் பொருளின் அலைகள் நீள்வதும் இதற்குக் காரணம். இதனை டாப்ளர் விளைவு என்பர். ஒளிக்கும் இது பொருந்தும். ஒளியை உமிழும் வாயு நம்மை நெருங்கினால் அதன் ஒளி நீல நிறப் பக்கமாக இடம்பெயரும். விலகினால் சிவப்பு நிறப் பக்கமாக இடம்பெயரும்.

சூரிய ஒளியை நிறமாலைக் கருவியின் வழியாகச் செலுத்தினால், வானவில்லைப்போல் நிறங்கள் விரியும். அந்த விரிப்பில் ஆயிரக்கணக்கான கருங்கோடுகள் காணப்படும். இரும்பு, கால்சியம் முதலிய ஒவ்வொரு தனிமத்திற்கும் உரிய கோடுகள் உரிய இடங்களில் இருக்கும். ஒரு கோடு தன் இடத்திலிருந்து சிறிது நகர்ந்திருந்தால், வாயு எத்திசையில், எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதைக் கணக்கிடலாம். ஆனால் அந்த நகர்வு மிகச் சிறியது. வாயு நொடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் சென்றாலும், கோட்டின் அலைநீளம் 150,000இல் ஒரு பங்கே மாறும். அதனை அளக்க நல்ல கருவியும், தெளிந்த வானமும், பொறுமை மிக்க மனிதரும் வேண்டும்.

அத்தகைய மனிதர் அப்போது கோடைக்கானலில் இருந்தார். அவர் பெயர் ஜான் எவர்ஷெட். 1864ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்த அவர், இளமையில் வேதியியல் தொழிலகம் ஒன்றில் பணியாற்றியவாறே, ஓய்வு நேரத்தில் சூரியனை ஆராய்ந்தவர். 1898ஆம் ஆண்டில் முழுச் சூரிய கிரகணத்தைப் படமெடுக்க இந்தியாவிற்கு வந்தவர். 1907ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோடைக்கானல் ஆய்வகத்தின் துணை இயக்குநராகப் பொறுப்பேற்றார். அவருடைய துணைவியார் மேரி எவர்ஷெட்டும் வானியல் அறிந்தவர். விண்மீன் கூட்டங்களைப் பற்றி நூல் எழுதியவர். சூரியனின் விளிம்பில் எழும் தீப்பிழம்புகளைப் பற்றி இருவரும் இணைந்து எழுதிய ஆய்வு 1917ஆம் ஆண்டில் வெளிவந்தது.

ஜனவரி 5, 1909

1909ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள், மழைக்குப் பின் தெளிந்திருந்த வானில் சூரியன் ஒளிர்ந்தது. அதன் முகத்தில் பெரிய புள்ளிகள் இரண்டு இருந்தன. எவர்ஷெட் அவற்றின் நிறமாலையைப் படமெடுத்தார். புறநிழல் பகுதியில் கருங்கோடுகள் நேராக இல்லை, சாய்ந்திருந்தன. ஆகவே, அங்கு வாயு ஓடுகிறது என்பது உறுதியாயிற்று. ஆனால், எப்படி ஓடுகிறது?

இரண்டு வகையான ஓட்டங்களைக் கற்பனை செய்து பார்க்கலாம். முதலாவது, கேளிக்கைச் சந்தையில் சுற்றும் குடைராட்டினம் போன்றது. இதில் வாயு நடுவைச் சுற்றி வட்டமிடும். இரண்டாவது, சிமெண்டுத் தரையில் குடம் நீரைக் கவிழ்த்தது போன்றது. இதில் வாயு நடுவிலிருந்து நாற்புறமும் பரவி வெளியே ஓடும்.

இவ்விரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு? சூரியத் தட்டின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி, புள்ளியின் வழியாக ஒரு கோடு வரைவதாகக் கொள்வோம். அதனைக் குறுக்காக வெட்டும் மற்றொரு கோட்டையும் புள்ளியின் வழியாக வரைவோம். வாயு குடைராட்டினம்போல் சுற்றினால், குறுக்குக் கோட்டின் ஒரு முனையில் அது நம்மை நெருங்கும், மறுமுனையில் விலகும். எனவே, நிறமாலை நகர்வு குறுக்குக் கோட்டில்தான் தெரிய வேண்டும். மாறாக, வாயு தரையில் கவிழ்த்த நீர்போல் வெளிநோக்கிப் பரவினால், நகர்வு முதல் கோட்டில் தெரியும். குறுக்குக் கோட்டில் தெரியாது.

நிறமாலைக் கருவியின் நுழைவாயிலில் மெல்லிய பிளவு ஒன்று இருக்கும். அப்பிளவின் மேல் விழும் ஒளி மட்டுமே உள்ளே செல்லும். எவர்ஷெட் அப்பிளவைப் புள்ளியின் மேல் வெவ்வேறு கோணங்களில் வைத்துப் படமெடுத்தார். குறுக்குக் கோட்டில் நகர்வு இல்லை. முதல் கோட்டிலோ நகர்வு தெளிவாக இருந்தது. சூரியத் தட்டின் நடுப்பக்கம் இருந்த புறநிழலில் கோடுகள் நீலப் பக்கமாகவும், விளிம்புப் பக்கம் இருந்த புறநிழலில் சிவப்புப் பக்கமாகவும் நகர்ந்திருந்தன. தட்டின் கிழக்கில் இருந்த புள்ளியிலும் மேற்கில் இருந்த புள்ளியிலும் இந்த ஒழுங்கே காணப்பட்டது. தட்டின் நடுவுக்கு நேராகப் புள்ளி வந்தபோது நகர்வு மறைந்தது. ஓட்டம் மேலும் கீழுமாக இல்லாமல், மேற்பரப்பை ஒட்டிக் கிடையாகச் செல்வதை அது காட்டியது.

முடிவு தெளிவாயிற்று. சூரியப் புள்ளியின் புறநிழலில் வாயு சுழலவில்லை. உள்ளிருந்து வெளிநோக்கி ஓடுகிறது. அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர். அவ்வேகத்தில் பினாங்கிலிருந்து 700 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜொகூர் பாருவை ஆறே நிமிடங்களில் அடைந்துவிடலாம்.

புகழ்பெற்ற அறிஞரின் கருத்துக்கு ஏற்பத் தம் படங்களை வளைத்துப் பொருள்கொள்ள எவர்ஷெட் முயலவில்லை. அதேவேளையில், ஒருநாள் கண்டதை மட்டும் வைத்து முடிவுக்கு வரவுமில்லை. மேலும் பல புள்ளிகளைச் சோதித்து, அதே விடை மீண்டும் மீண்டும் கிடைப்பதை உறுதி செய்துகொண்டார். கோடைக்கானல் ஆய்வகத்தின் 15ஆவது அறிக்கையாக அவருடைய கட்டுரை 1909ஆம் ஆண்டில் வெளிவந்தது. இன்று இவ்வோட்டம் உலகெங்கும் ‘எவர்ஷெட் விளைவு’ என்றே அழைக்கப்படுகிறது. ஹேல் கண்ட காந்தப்புலம் உண்மையென நிலைத்தது. புள்ளி ஒரு சுழற்காற்று என்ற விளக்கம் மட்டுமே விலகிப்போனது. ஒருவருடைய கூற்றில் மெய்யானதை ஏற்று, மெய்யல்லாததை விலக்குவதே அறிவியலின் வழி.

நான்கு ஆண்டுகள் கழித்து, மவுண்ட் வில்சனில் பணியாற்றிய சார்லஸ் செயின்ட் ஜான் இவ்வாய்வை மேலும் விரிவாக்கினார். ஒளிக்கோளத்திற்கு மேலே உள்ள நிறக்கோளம் என்னும் அடுக்கில் வாயு நேரெதிராக, வெளியிலிருந்து புள்ளியை நோக்கி உள்ளே பாய்வதை 1913ஆம் ஆண்டில் அவர் எடுத்துக்காட்டினார். கீழடுக்கில் வெளியே செல்லும் ஓட்டமும் மேலடுக்கில் உள்ளே வரும் ஓட்டமும் ஒரே புள்ளியில் அமைந்திருப்பது வியப்பிற்குரியது.

இழைகளின் உலகம்

எவர்ஷெட்டின் கண்டுபிடிப்பு ஒரு கேள்விக்கு விடையளித்தது. மறு கேள்வியை எழுப்பியது. வெளியே ஓடிக்கொண்டேயிருக்கும் வாயு எங்கிருந்து வருகிறது? எங்கே போய்ச் சேர்கிறது? இதற்கு விடை காணப் புறநிழலின் மெல்லிய இழைகளைத் தனித்தனியே பார்க்க வேண்டியிருந்தது.

அவ்விழைகளின் நீளம் சில ஆயிரம் கிலோமீட்டர்; அகலமோ 150 முதல் 200 கிலோமீட்டர் வரைதான். 150 மில்லியன் கிலோமீட்டர் தொலைவிலிருந்து 150 கிலோமீட்டர் அகலத்தைக் காண்பது, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் தொங்கும் ஒரு மில்லிமீட்டர் நூலைக் காண்பதற்குச் சமம். இடையில் பூமியின் காற்று வேறு குறுக்கிடுகிறது. வெயில் காயும் தார்ச்சாலையின் மேல் காற்று நெளிவதைப் பலரும் பார்த்திருப்பர். அந்த நெளிவே தொலைநோக்கியில் விழும் சூரிய உருவத்தையும் கலைத்துவிடுகிறது.

இவ்விடரைக் கடக்க, உருவம் கலையும் விதத்தை உடனுக்குடன் அளந்து, நொடிக்குப் பல நூறு முறை தன் வடிவத்தை மாற்றிச் சரிசெய்யும் கண்ணாடிகள் உருவாக்கப்பட்டன. ஸ்பெயின் நாட்டின் லா பால்மா தீவிலுள்ள ஒரு மீட்டர் சுவீடியத் தொலைநோக்கி இம்முறையைப் பயன்படுத்தியது. ஒளிரும் இழைகளின் நடுவே மெல்லிய கருங்கீற்று ஒன்று ஓடுவதை அத்தொலைநோக்கி 2002ஆம் ஆண்டில் காட்டியது. அதுவரை எவரும் கண்டிராத நுண்ணமைப்பு அது. 2006ஆம் ஆண்டில் ஜப்பான் ஏவிய ஹினோடே விண்கலம், காற்றின் குறுக்கீடே இல்லாத விண்வெளியிலிருந்து புள்ளிகளைப் படமெடுத்தது. இப்போது ஹவாய்த் தீவுகளின் மலையுச்சி ஒன்றில் 4 மீட்டர் கண்ணாடி கொண்ட டேனியல் இனோயே தொலைநோக்கி, சில பத்துக் கிலோமீட்டர் அளவுள்ள கூறுகளையும் பிரித்துக் காட்டுகிறது.

இவற்றால் தெரியவந்த செய்தி இதுதான். ஒவ்வோர் இழையும் ஒரு சிறு வெப்பச்சலன அறை. இழையின் உள்முனையில், அதாவது கருநிழலுக்கு அருகில், சூடான வாயு மேலெழுகிறது. புறநிழலில் காந்தப்புலம் செங்குத்தாக நிற்காமல் வெளிநோக்கிச் சாய்ந்து படுத்திருக்கிறது. ஆகவே, மேலெழுந்த வாயு எல்லாப் பக்கமும் சமமாகப் பரவ முடியாமல், வாய்க்காலில் ஓடும் நீரைப்போல் இழையின் நீளவாக்கில் வெளியே தள்ளப்படுகிறது. செல்லும் வழியில் அது வெப்பத்தை இழக்கிறது. பின்னர் இழையின் ஓரங்களிலும் வெளிமுனையிலும் கீழே இறங்குகிறது. எவர்ஷெட் அளந்தது பல இழைகள் சேர்ந்த சராசரி வேகம். தனி இழைகளுக்குள் வாயு நொடிக்கு 5 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுவதுண்டு.

காந்தப்புலம் வெப்பச்சலனத்தை முற்றாக நிறுத்திவிடவில்லை. அதனை ஒழுங்குபடுத்தி ஒரு திசையில் செலுத்துகிறது. வயலில் வரப்புகள் நீரைத் தடுப்பதோடு, போக வேண்டிய வழியையும் காட்டுவதுபோல் இது அமைகிறது.

பூமிக்கு இதனால் என்ன?

தொலைதூரச் சூரியனில் வாயு எப்படி ஓடினால் என்ன என்று சிலர் கேட்கலாம். சூரியப் புள்ளிகளில் வாயுவும் காந்தப்புலமும் ஒன்றையொன்று இழுத்தும் முறுக்கியும் செல்கின்றன. காந்தப்புலம் அளவுக்கு மீறி முறுக்கப்படும்போது, அதில் சேர்ந்திருந்த ஆற்றல் திடீரென வெடித்து வெளிப்படுகிறது. அவ்வெடிப்பில் வீசப்படும் துகள்கள் பூமியை வந்தடைந்தால் காந்தப்புயல் உண்டாகும்.

1989ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள், அத்தகைய புயலொன்று கனடாவின் கியூபெக் மாநிலத்தில் மின்சாரத்தைத் துண்டித்தது. ஏறத்தாழ 6 மில்லியன் மக்கள் ஒன்பது மணி நேரம் இருளில் தவித்தனர். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில், பல பூமிகளின் அகலம் கொண்ட ஒரு புள்ளிக் கூட்டத்திலிருந்து கிளம்பிய புயல், துருவப் பகுதிகளில் மட்டுமே தெரியும் வண்ண ஒளியை இந்தியாவின் லடாக்கிலும் தோன்றச் செய்தது. செயற்கைக்கோள்கள், வானூர்திகளின் வானொலித் தொடர்பு, கைப்பேசியில் வழிகாட்டும் கருவி ஆகிய அனைத்தும் இப்புயல்களால் பாதிக்கப்படக்கூடியவை. வெடிப்புகளை முன்னறிய வேண்டுமானால், புள்ளிக்குள் நிகழும் ஓட்டங்களை அறிந்தாக வேண்டும்.

இதனால்தான் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் ஆதித்யா எல்-1 விண்கலத்தை ஏவியது. பூமியிலிருந்து 1.5 மில்லியன் கிலோமீட்டர் தொலைவில் நின்று அது சூரியனை இடைவிடாமல் கண்காணிக்கிறது. அத்திட்டத்தின் இயக்குநராக விளங்கியவர் தமிழ்நாட்டின் செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி. விண்கலத்தின் முதன்மைக் கருவியை உருவாக்கிய இந்திய வானியற்பியல் நிறுவனமே இன்று கோடைக்கானல் ஆய்வகத்தையும் நடத்தி வருகிறது.

தேடியதும் கிடைத்ததும்

பஞ்சத்தை முன்னறிய வேண்டும் என்ற நோக்கம் என்னவாயிற்று? சூரியப் புள்ளிகளை எண்ணி மழையைக் கணிக்கும் முயற்சி நம்பத்தக்க பயனைத் தரவில்லை. பசிபிக் பெருங்கடலின் நீர் வழக்கத்திற்கு மாறாகச் சூடேறும் எல் நினோ நிகழ்வே தாது வருட வறட்சிக்கு முக்கியக் காரணம் எனப் பிற்கால ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அதே எல் நினோ மலேசியாவிலும் வறட்சியையும் புகைமூட்டத்தையும் கடுமையாக்குகிறது. பஞ்சத்திற்கான விடை சூரியனில் இல்லை; கடலில் இருந்தது.

எனினும், கோடைக்கானலின் உழைப்பு வீண்போகவில்லை. தேடியது கிடைக்காதபோதும், கண்டதை உள்ளது உள்ளபடி பதிவு செய்யும் பழக்கம் அங்கு வேரூன்றியது. ஆய்வகத்தின் ஊழியர்கள் வானம் தெளிந்த நாள்தோறும் சூரியனைப் படமெடுத்தனர். 1904ஆம் ஆண்டு தொடங்கிய அப்படத்தொகுப்பு நூறாண்டுகளைக் கடந்துவிட்டது. கண்ணாடித் தகடுகளிலும் படச்சுருள்களிலும் இருந்த அப்படங்கள் இன்று கணினியில் ஏற்றப்பட்டு, உலகெங்கும் உள்ள ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. ஒரு நூற்றாண்டுக் காலத்தில் சூரியன் எவ்வாறு மாறியது என்பதை அறிய விரும்புவோர்க்கு, இத்தனை நீண்ட பதிவு உலகில் மிகச் சில இடங்களிலேயே கிடைக்கும்.

1911ஆம் ஆண்டில் இயக்குநரான எவர்ஷெட், 1923ஆம் ஆண்டில் பணி ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். அங்கும் சொந்தமாக ஓர் ஆய்வகம் அமைத்துச் சூரியனை ஆராய்ந்த அவர், 1956ஆம் ஆண்டில் தம் 92ஆம் அகவையில் மறைந்தார். அவர் கண்டுபிடிப்பின் நூற்றாண்டையொட்டி 2008ஆம் ஆண்டில் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.

எதிர்பார்த்த விடையைத் தேடுவது எளிது. எதிர்பாராத விடை வந்து நிற்கும்போது அதனை மறுக்காமல் அளந்து பார்ப்பதுதான் அரிது. ஒரு புகைப்படத் தகட்டில் மயிரிழையளவு சாய்ந்திருந்த கருங்கோடு, சூரியனைப் பற்றிய மனிதனின் எண்ணத்தையே மாற்றியது. அந்தச் சாய்வைப் பொருட்படுத்திய கண்களுக்கே அவ்வுண்மை வெளிப்பட்டது.

சிந்தித்து விடையளி

1. கோடைக்கானலில் சூரிய ஆய்வகம் அமைவதற்குத் தாது வருடப் பஞ்சம் எவ்வாறு காரணமாயிற்று?
2. சூரியப் புள்ளி ஏன் கருமையாகத் தெரிகிறது? இரண்டு காரணங்களை விளக்குக.
3. வாயு சுழலவில்லை, வெளிநோக்கி ஓடுகிறது என்பதை எவர்ஷெட் எவ்வாறு உறுதிப்படுத்தினார்? படம் வரைந்து உன் சொந்த நடையில் எழுதுக.
4. ‘வயலில் வரப்புகள் நீரைத் தடுப்பதோடு, போக வேண்டிய வழியையும் காட்டுவதுபோல்’ என்ற உவமை எதனை விளக்குகிறது?
5. தேடிய விடை கிடைக்காத ஆய்வும் பயனுடையதே. இக்கருத்தை ஏற்கிறாயா? பனுவலிலிருந்து சான்றுகள் தந்து உன் கருத்தை எழுதுக.